தாய்வீட்டுக்கு வந்தவர்கள்

மார்ச் 4, திங்கள்

நகராட்சி அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கை கிடையாது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் காகிதம் பறக்கிறது. தள்ளி உட்கார்ந்தால் கொசு பிடுங்குகிறது. கல்லூரியில் புள்ளியியல் வகுப்பை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு இதற்குத்தான் வந்தேனா என்று முதல் நாளே எரிச்சல்.

நகர்நல அலுவலர் டாக்டர் வியாகப்பன்தான் கூப்பிட்டார். "நீங்க மருதடியூர்ப் பொண்ணுதானம்மா. சொந்த ஊருக்குச் செய்யாம வேற எந்த ஊருக்குச் செய்யப் போறிய?" மனிதர் இப்படிப் பேசியே வேலை வாங்கிவிடுவார் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். ஜனவரி கடைசியிலிருந்து ஊரில் மஞ்சள்காமாலை. குடிதண்ணீரில் சாக்கடை கலந்தால் வருகிற ஹெபடைட்டிஸ்-ஈ வகை. மற்றவர்கள் மூன்று வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு வந்தால் மட்டும் நாலு பேரில் ஒருத்தி பிழைப்பதில்லை. கீழரத வீதியில் குழாய் உடைந்திருந்ததைக் கண்டுபிடித்து பிப்ரவரி பதினாறாம் தேதியே சரிசெய்துவிட்டதாகப் பொறியாளர் பால்துரை சொல்கிறார். அந்த உடைப்பு உண்மையிலேயே அடைபட்டதா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது என் வேலை. கெட்ட தண்ணீர் குடித்தவருக்கு இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காமாலை தெரியலாம். இன்று கண் மஞ்சளாகிறவர் போன மாதம் குடித்தவராக இருப்பார். அதனால் இன்றைக்கு எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து ஒன்றும் சொல்லிவிட முடியாது.

சாயங்காலம் பாளையங்கோட்டையில் என் வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா போன். ஞாயிற்றுக்கிழமை வடிவுக்கு ராமநாதபுரத்தில் வளைகாப்பு. மாமியார் வீட்டில் விழாவை முடித்து அன்றைக்கே பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். "ஏட்டி செண்பகம், ஊரெல்லாம் காமாலைங்காவ. அவளக் கூட்டிட்டு வரவா வேண்டாமா? நீதான கணக்குப் போடுத, சொல்லு." வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். என் தங்கையை அழைத்துவர என் கணக்குக்காகக் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

துவைத்த துணி காயவில்லை. பிற்பகல் முழுக்க மின்சாரம் இல்லை.

வார்டு வாரியாக எத்தனை பேர் என்று குடும்ப அட்டைகளை வைத்து எடுத்துக்கொண்டேன். ஊரை மூன்று பெட்டியாகப் பிரித்தேன்: இன்னும் நோய் தொடாதவர்கள், உடம்பில் வைத்திருப்பவர்கள், வந்து போனவர்கள். தண்ணீர் கெட்டிருக்கும்வரை முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். உடைப்பு அடைபட்டால் அந்தக் கதவு மூடிவிடும். மூடிவிட்டது என்று வைத்துக்கொண்டு, இனி நாளுக்கு எத்தனை பேருக்குக் காமாலை தெரிய வேண்டும் என்று ஒரு கோடு வரைய வேண்டும். நிஜம் அந்தக் கோட்டில் நடந்தால் பால்துரை சொன்னது சரி.

டாக்டர் எட்டிப்பார்த்து, "இம்புட்டுதானா? நான் பெரிய மந்திரம்னு நெனச்சேன்" என்றார். மந்திரம் வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மார்ச் 7, வியாழன்

கோடு பொருந்துகிறது. போன வாரமே எண்ணிக்கை இறங்க ஆரம்பித்துவிட்டது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. உடைப்பு அடைபடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட இதே இறக்கம் வருகிறது. நோய் வரக்கூடியவர்கள் தீர்ந்துபோனாலும் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? ஆனால் அதற்கு ஊரில் பாதிப் பேருக்காவது கண்ணுக்குத் தெரியாமலே நோய் வந்து போயிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். அம்மாவுக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கணக்கையே எடுத்துக்கொண்டேன். எளிமையான விளக்கம்தான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மார்ச் 8, வெள்ளி

கூட்டத்தில் கோட்டைக் காட்டினேன். பால்துரை நாற்காலியைவிட்டு எழுந்துவந்து கைகொடுத்தார். "இப்பமாச்சும் நம்புதியளா சார்?" என்று டாக்டரைப் பார்த்துக் கேட்டார். டாக்டர் என்னிடம், "நிச்சயந்தானம்மா?" என்றார். "கணக்கு அப்படித்தான் சொல்லுது டாக்டர்" என்றேன். இரண்டாவது கணக்கைப் பற்றிக் கூட்டத்தில் பேசவில்லை. அதையெல்லாம் சொன்னால் ஆணையருக்குத் தலைசுற்றும்.

அம்மாவிடம், "கூட்டிட்டு வாங்க, ஒண்ணும் பயமில்ல" என்றேன். "அதான் எனக்குத் தெரியுமே" என்றாள். தெரிந்தால் ஏன் கேட்டாளாம்!

மார்ச் 10, ஞாயிறு

காலையில் வேனில் பதினோரு பேர் ராமநாதபுரம் போனோம். புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் என்று ஐந்து வகைச் சாதம். அத்தனை பாத்திரத்தையும் ஏற்றி இறக்கியது நானும் டிரைவரும்தான்.

வடிவு அரக்குப் பட்டில் லட்சணமாக இருந்தாள். முகம் ஊதி, மூக்கு வீங்கி, பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது. ஒவ்வொருத்தராகப் போய்ச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். எனக்குப் பந்தியில் வேலை இருந்தது, போகவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் புருஷனைவிட்டு வந்தவள், பிள்ளை பெறாதவள் வளையல் போடக்கூடாதாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அதனால் வருத்தமும் கிடையாது. ரசத்தில் உப்புக் குறைவு என்று சமையல்காரரிடம் சண்டை போட்டேன்.

சாயங்காலம் மருதடியூர் திரும்பி, ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் விட்டதும் வடிவு நேரே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு குடித்தாள். "எக்கா, அங்க ஒரே உப்புத்தண்ணி. இந்தத் தண்ணிக்காகவே வருசத்துக்கு ஒருக்கா உண்டாகலாம்." எல்லோரும் சிரித்தோம்.

மார்ச் 13, புதன்

இன்று புதிதாக ஒன்பது பேர். என் கோடு பத்து என்றது. அம்மா வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிப் போனேன்.

மார்ச் 19, செவ்வாய்

பத்திரிகையில் என் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். 'மருதடியூர் குடிநீர் பாதுகாப்பானது' என்று நகராட்சி வாசலில் தட்டியும் வைத்துவிட்டார்கள். கேன் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்று பால்காரர் சொன்னார்.

வடிவுக்கு இரவில் கால் குடைச்சலாம். எண்ணெய் தேய்த்துவிட்டேன். வயிற்றில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். குழந்தை உதைத்தது. அம்மா அந்த நேரம் பார்த்து என்னைக் கடைக்கு அனுப்பினாள்.

மார்ச் 28, வியாழன்

நடந்ததை முறையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் எதிர்வீட்டு ஆவுடையின் அம்மா பேச்சியம்மா சித்தி தூக்குவாளியும் பையுமாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். எங்கே சித்தி என்றேன்.

"ஆவுடையப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு தாயி. செவ்வாக்கிழம பாத்தா கண்ணு ரெண்டும் மஞ்சளா கெடக்கு. எட்டு மாசம். கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன், கேக்கல."

"அவ புருஷன் வீட்டுல, விருதுநகர்லல்லா இருந்தா?"

"போன ஒண்ணாந்தேதி கூட்டிட்டு வந்தமே! நீ காமாலக் கணக்குத்தான பாக்க, ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. விருதுநகரில் அவள் புருஷன் தெருவில் ஒருத்தருக்கும் காமாலை இல்லையாம். மார்ச் ஒன்று. குழாயைச் சரிசெய்ததாகச் சொன்ன பிறகு இரண்டு வாரம் கழித்து வந்தவள். அவள் குடித்த தண்ணீரெல்லாம் அதற்குப் பிந்தைய தண்ணீர். அடைபட்டிருந்தால் அவளுக்கு எப்படி வரும்?

அலுவலகத்துக்கு ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தால் அவள் பெயரே இல்லை. பெரியாஸ்பத்திரியில் விலாசம் கேட்டிருக்கிறார்கள், புருஷன் வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறார்கள். விருதுநகர்க் கணக்கில் போய்விட்டது. என் மூன்று பெட்டியிலும் அவள் கிடையாது. கல்யாணமான மறுமாசமே பெண்ணின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுத்து மாமியார் வீட்டு அட்டையில் சேர்த்துவிடுகிறோமே, பிறகு எப்படி இருப்பாள்? ஊரே தலைப்பிள்ளைக்காரியைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருகிறது. நானும் இதே ஊரில் பிறந்து, இந்த மாதமே நானே போய் ஒருத்தியை வேனில் அழைத்துவந்து, அது எனக்குத் தோன்றவில்லை.

செவிலியர் மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு நாலு தெரு நடந்தேன். பிரசவத்துக்கு வந்திருப்பவர்களில் இன்னும் இரண்டு பேருக்குக் காமாலை. இருவரும் மார்ச்சில் வந்தவர்கள். ஊர்க்காரர்களுக்குக் குறைந்துகொண்டே போகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நினைத்தேன், விறகுதான் தீர்ந்திருக்கிறது. புது விறகை நாமே மேளதாளத்தோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது கணக்குத்தான் சரி.

வடிவு வந்து பதினெட்டு நாளாகிறது.

அம்மா வீட்டுக்குப் போய்க் குடத்துத் தண்ணீரைக் கொட்டினேன். அம்மா பதறிக்கொண்டு வந்தாள். சொன்னேன். பாளையங்கோட்டையில் என் வாடகை வீட்டுக்கு இப்போதே வடிவைக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"வளையல் போட்டு வந்த பொண்ண வாசல் தாண்ட விடுவேனா? அதுவும் ஒன் வீட்டுக்கா?"

"என் வீட்டுக்கு என்னம்மா?"

"நீதான வரச்சொன்ன? இப்பம் நீயே போகச்சொல்லுத. ஒனக்கு இல்லேங்கதுக்காக அவ வீட்டோட நல்லா இருக்கதக்கூடப் பொறுக்கலையா ஒனக்கு?"

இந்தப் பேச்சு வரும் என்று எனக்கு ஏழாம் தேதியே தெரியும். சரி, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிள்ளை இல்லாதவள் வயிற்றெரிச்சலில் தங்கச்சி வருவதைத் தடுக்கிறாள் என்று. அதற்குப் பயந்துதான் இரண்டு வாரம் பொறுக்காமல் வரச்சொன்னேன். எளிமையான விளக்கமாம்! சவத்த, நல்லா அமைந்தது எனக்கு ஒரு விளக்கம்.

வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அம்மா, நீ ஒன் வாயப் பொத்து. எக்கா, என் சேலைய எடுத்து வையி."

ஆட்டோவில் போகும்போது, "நான் குடிச்சிட்டேன்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 29, புனித வெள்ளி

அலுவலகம் விடுமுறை. டாக்டர் போனை எடுக்கவில்லை. கோயிலில் இருப்பார் என்று மாதா கோயிலுக்கே போனேன். உள்ளே சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். இடையில் ஒருமுறை திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நோன்பில் முகம் வாடியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன், கூட்டத்தில் மறைத்த இரண்டாவது கணக்கையும் சேர்த்து.

"இது ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"வாய்ப்பு இருக்குன்னு தெரியும்."

"நிச்சயந்தானான்னு கேட்டேனம்மா." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்க கோட்ட நம்பி நாந்தான தட்டி வச்சேன்? எத்தன பேரு வெந்நி வைக்கத விட்டுருப்பாவ?"

நேற்று எழுதிவைத்த மூன்று பெயர்களையும் அவரிடம் நீட்டினேன்.

"ஒங்க தங்கச்சியும் வந்திருக்கால்லா?" என்றார். அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை. கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை. அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று பால்துரைக்குப் போன் போட்டார்.

மார்ச் 30, சனி

பால்துரை எகிறினார். "தொட்டியில குளோரின் சரியா இருக்கு, நேத்துகூடப் பாத்திருக்கு. இந்தம்மா ஒரு நாளைக்கு ஒரு கணக்குச் சொல்லுவாவ, அதுக்கெல்லாம் ஊருக்குத் தண்ணிய நிறுத்தவா?" தொட்டியில் பார்த்தது போதாது, கடைசித் தெருவில் பாருங்கள் என்றேன். எங்கள் வடக்குப் புதுத்தெருக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார்கள். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வெள்ளையாகவே இருந்தது. அடுத்த தெருவிலும் அப்படியே.

பிற்பகலில் எங்கள் தெருவுக்கு வரும் வழியிலிருக்கும் சாக்கடைப் பாலத்துக்குக் கீழே தோண்டினார்கள். அங்கே இன்னொரு உடைப்பு. தண்ணீர் விடுகிற நாளில் வெளியே கசிகிறது, நிறுத்துகிற நாளில் சாக்கடையை உள்ளே உறிஞ்சுகிறது. பால்துரை குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "எங்க மவளும் இங்கதான் வந்திருக்கா" என்றார், யாரிடமும் இல்லாமல். எனக்கு அந்த ஆளிடம் அதற்குமேல் கோபம் வரவில்லை.

சாயங்காலமே குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு லாரி விட்டார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தாய்வீட்டுக்கு வந்திருக்கும் கர்ப்பிணிகள் உடனே வந்து பார்க்கும்படி தெருத்தெருவாகச் சொன்னார்கள். என் பெயரில் வந்த கோடு தவறு என்று நானே எழுதிக் கொடுத்தேன். தட்டியைக் கழற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 1, திங்கள்

என் வீட்டில் வடிவு. மாடியில் துணி உலர்த்த விடமாட்டேன் என்கிறேன், கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் அவளை ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணின் வெள்ளையைப் பார்க்கிறேன். இன்றும் வெள்ளைதான்.

அம்மா வந்தாள். என்னோடு பேசவில்லை. அடுப்படியில் புகுந்து வெந்நீர் போட்டாள்.

ஏப்ரல் 3, புதன்

வெள்ளைதான். ஆனால் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்கிறாள். வெயில் என்றேன். வெயிலாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 5, வெள்ளி

மஞ்சள்.

ஏப்ரல் 6, சனி

பெரியாஸ்பத்திரி. ரத்தத்தில் உறுதியாகிவிட்டது. வடிவின் வீட்டுக்காரர் ராமசுப்பு ராமநாதபுரத்திலிருந்து வந்து வராந்தாவில் நிற்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உள்ளே ஒருவர்தான் நிற்கலாம் என்றார்கள். அம்மாவுக்குத் தலைசுற்றல், அதனால் நான்.

கர்ப்பிணிகளைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். நாலு கட்டில். நாலும் மருதடியூர். ஜன்னலோரம் ஆவுடை, கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள். பேச்சியம்மா சித்தி ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

வடிவு என் கையைப் பிடித்தாள். "எக்கா, நெசத்தச் சொல்லு. எத்தன பேருல எத்தன பேரு?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"நீ அம்மாட்ட சொன்ன மாதிரி எங்கிட்டயும் சொல்லாத. எனக்கு நம்பரச் சொல்லு."

"நாலுல ஒண்ணு" என்றேன்.

"அப்பம் மூணு பேரு வீட்டுக்குப் போவோம்" என்றாள். பிறகு தலையைத் திருப்பி மற்றக் கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

வடிவுக்கு ரத்தம் உறையும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. அது கூடக்கூட ஆபத்து. காலையில் பெயரைக் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள், என்ன கிழமை என்று கேட்டதற்கு முழித்தாள். எனக்கே கிழமை தெரியவில்லை என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக, "நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

சாமி கும்பிடாதவள், மருத்துவமனை வாசல் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டேன். உடையவில்லை. இன்னொன்று வாங்கி ஓங்கிப் போட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மதியம் ஆவுடை இறந்துவிட்டாள். குழந்தையும்.

திரையை இழுத்து மூடினார்கள். சித்தி போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் வடிவின் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவள் மயக்கத்தில் இருந்தாள். அப்போது என் மனசுக்குள் ஒன்று ஓடியது. இந்த ஒரு இடத்தையாவது மறைக்காமல் எழுத வேண்டும்.

நாலில் ஒன்று முடிந்துவிட்டது. இனி இவளுக்கு ஒன்றும் ஆகாது. இப்படித்தான் நினைத்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி மூச்சு விட்டேன்.

அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஒரு கட்டிலில் நடந்தது அடுத்த கட்டிலைக் காப்பாற்றாது. முதலாண்டு மாணவி இப்படி எழுதினால் சுழித்துப் பூஜ்யம் போடுவேன். எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் நினைத்தேன். எதிர்வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்துக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் செத்துக்கிடக்க, எனக்கு அப்பாடா என்று இருந்தது. சீ.

வராந்தாவில் சித்தியைச் சுவரோரம் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சேலையால் முகத்தைத் துடைத்தாள். "ஒந் தங்கச்சி எப்படி இருக்கா தாயி? அவள நல்லாப் பாத்துக்க" என்றாள். அவள் மடியில் தலைவைத்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஏப்ரல் 11, வியாழன்

ரத்தம் உறையும் நேரம் குறைய ஆரம்பித்திருக்கிறது. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். அம்மா கொண்டுவந்த கஞ்சியை வடிவு நாலு கரண்டி குடித்தாள். வாந்தி இல்லை. பிள்ளைக்கும் துடிப்பு நன்றாக இருக்கிறது.

டாக்டர் வியாகப்பன் போன் பண்ணினார். வெளியூரிலிருந்து வந்த கர்ப்பிணிகள் எல்லோரையும் பார்த்தாகிவிட்டதாம். பால்துரையின் மகளுக்கு ஒன்றும் இல்லை. "இனிமே ஒங்க கணக்குல அவங்களுக்குன்னு ஒரு பெட்டி போடுங்கம்மா" என்றார். போட்டுவிட்டேன் என்றேன். ஆவுடையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்று சித்திரை முதல் நாள் வலியெடுத்து, இன்று விடிந்ததும் பெண் குழந்தை. இரண்டே கால் கிலோ. ரத்தப்போக்கை நிறுத்தக் கொஞ்சம் பாடுபட்டார்கள். இப்போது பரவாயில்லை. ராமசுப்பு என்னிடம் வந்து, "மைனி, பாத்தியளா?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார். அம்மா கோயிலுக்கு ஓடியிருக்கிறாள்.

பதினோரு மணிவாக்கில் வடிவு நன்றாகக் கண் விழித்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கியது. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். புது விரிப்பு போட்டு வைத்திருந்தார்கள்.

"எக்கா, ஆவுடை வீட்டுக்குப் போய்ட்டாளா?"

சொல்லக்கூடாது, பச்சை உடம்பு, அதிர்ச்சி ஆகாது என்று அம்மா படித்துப்படித்துச் சொல்லியிருந்தாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"இல்ல வடிவு. செத்துப்போய்ட்டா. செவ்வாக்கிழம."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக இறங்கியது. இப்படி முகத்துக்கு நேரே போட்டு உடைத்திருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னிக்கு நீ காதப் பொத்துன. நான் முழிச்சிதான் இருந்தேன். சித்தி கத்துனது கேட்டுச்சு."

"ஏன் என்னட்ட கேக்கல?"

"என்னத்தக் கேக்க?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "எக்கா, வேற யார்ட்டயும் சொல்லிராத. சித்தி கத்துனாள்லா? அப்பம் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அந்த ஒண்ணு நான் இல்லன்னு தோணுச்சு. சந்தோசமா இருந்துச்சுக்கா."

அப்படிச் சொல்லாதே, உனக்கு ஜுரம், மயக்கம், அதில் என்னவாவது தோன்றும் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் எல்லோரும் சொல்லுவார்கள்.

"எனக்கும்தான்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை சிணுங்கியது. கையில் எடுத்து அவள் பக்கத்தில் அணைத்துவைத்தேன். அதற்குப் பால் குடிக்கத் தெரியவில்லை. தேடிக்கொண்டே இருந்தது.